எட்டு வகைக் குன்மமும் ஒரேயொரு மாத்திரையும்

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல்லில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், நூல் அறிமுகம் முடிந்து தேநீர் வந்ததும் பேச்சு வழக்கம்போல் உணவுக்குத் தாவியது. நண்பர் ஒருவர் எழுந்தார். நம் பாட்டன்மார் கம்மங்கூழும் சோளச்சோறும் உண்டு நூறாண்டு வாழ்ந்தார்கள், நெஞ்செரிச்சல் என்ற சொல்லே அவர்கள் அறியாதது, நாக்குக்கு அடிமையாகிவிட்ட இந்தத் தலைமுறைதான் சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு அலைகிறது என்றார். நல்ல கைதட்டல். மூன்றாண்டுகளுக்கு முன்பாக இருந்தால் நானும் தட்டியிருப்பேன். அன்று கை எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நண்பரின் பேச்சில் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒன்று, முன்னோருக்கு வயிற்று நோய் இல்லை என்பது. மற்றொன்று, இன்று அந்நோய் வருவது உண்பவனின் ஒழுக்கக் குறைவால் என்பது. முதலாவது வரலாற்றுப் பிழை. இரண்டாவது வெறும் பிழையோடு நிற்பதில்லை. அது ஆளைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் கெடுத்தது.

முதலாவதை முதலில் பார்ப்போம். சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பிரிக்கின்றன. எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிகுணம் சொல்கின்றன. உண்டபின் எரிவது வேறு, உண்டதைக் கக்க வைப்பது வேறு, வலித்து மடக்கிப் போடுவது வேறு என்று பகுத்துப் பார்த்த கண்கள் அவை. நோயே இல்லாத சமூகத்தில் இந்த எட்டையும் யாருக்காகப் பிரித்தார்கள்? ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்துத்தான் திருநாவுக்கரசர் திருவதிகைக்குத் தமக்கையைத் தேடி வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பக்தி இலக்கியத்தின் மாபெரும் குரல்களுள் ஒன்று வயிற்று வலியிலிருந்து தொடங்கியதாகவே நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது. முன்னோரைப் போற்றுபவர்கள் முன்னோர் எழுதியதைப் படித்துவிட்டுப் போற்றினால் நல்லது.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரை மலையேற்ற வரலாறு அறியும். 1922லும் 1924லும் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இருந்தவர். 1924இல் ஆக்சிஜன் உருளை இன்றி இருபத்தெட்டாயிரம் அடி உயரம்வரை ஏறியவர். அவர் நீண்ட காலம் பணியாற்றிய இடம் நெய்யூர். அன்று தென் திருவிதாங்கூர், 1956க்குப் பின் நம் குமரி மாவட்டம். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் அவரை மலைக்க வைத்தது முன்சிறுகுடல் புண். ஏழை உழவர்களும் கூலிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வண்ணம் இருந்தனர். அவரும் உடன் பணியாற்றிய ஓர் என்ற மருத்துவரும் ஆயிரக்கணக்கானோருக்கு அறுவை செய்து, அந்த அனுபவத்தை 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி அவர் ஒரு நூலையே வெளியிட்டார். அந்த நூலுக்குப் பின்னால் இருப்பவை நம் பாட்டன்மாரின் வயிறுகள். பீட்சாவும் பரோட்டாவும் கண்ணில் படாதவர்களின் வயிறுகள்.

அவர்கள் என்ன தின்றார்கள் என்ற கேள்விக்குக் குன்னூரில் ஒரு விடை கிடைத்தது. அங்கே உணவூட்ட ஆய்வு நடத்திவந்த ராபர்ட் மக்காரிசன், எலிகளைப் பிரித்து இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்து வளர்த்தார். மரவள்ளியையே பெரிதும் நம்பிய ஏழைத் திருவிதாங்கூர் உணவைத் தின்ற எலிகளில் நான்கில் ஒன்றுக்கும் மேலானவற்றின் இரைப்பையில் புண் கண்டது. சென்னை மாகாணத்து அரிசி உணவில் அதைவிடக் குறைவு. கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவில் இல்லை. எலிகள் நாக்குக்கு அடிமையானவை என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது. தட்டில் வைத்ததைத் தின்றன. நெய்யூருக்கு வந்த உழவனும் அப்படித்தான்.

நண்பரின் பக்கம் உள்ள நியாயத்தை மறைப்பது முறையாகாது. இரயில்வே மருத்துவராக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா, வடக்கிலும் தெற்கிலும் இரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டு, தெற்கே முன்சிறுகுடல் புண் மிகுந்திருப்பதை 1960களில் எழுதினார். 1978இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. புண் ஆறிய நோயாளிகளில் ஒரு பிரிவினர் தீட்டாத கோதுமை உணவையும் மறு பிரிவினர் அரிசி உணவையும் தொடர்ந்தார்கள். ஐந்தாண்டுகளில் அரிசிப் பிரிவில் 81 விழுக்காட்டினருக்குப் புண் திரும்ப வந்தது. கோதுமைப் பிரிவில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே. நன்றாக மென்று உண்ண வேண்டிய உணவு உமிழ்நீரைக் கூட்டுகிறது, அது காக்கிறது என்பது அவர் விளக்கம். 1951 முதல் 1967 வரை மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவே என்ற அறுவை மருத்துவரும் இந்தியாவின் பல பகுதிகளை ஒப்பிட்டு, தீட்டிய அரிசியை நம்பிய இடங்களில் புண் மிகுதி, தீட்டாத கோதுமையும் சிறுதானியமும் பருப்பும் உண்ட இடங்களில் குறைவு என்றார். ஆகவே கம்பும் கேழ்வரகும் நல்லவை என்பதில் எனக்குத் தகராறு இல்லை.

என் தகராறு அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. இவை எல்லாம் முன்சிறுகுடல் புண்ணைப் பற்றிய ஆய்வுகள். இன்று நம்மில் பெரும்பாலோர் மாத்திரை தின்பது அந்த நோய்க்கு அன்று. நாம் தமிழில் இரண்டையும் சேர்த்து ‘அல்சர்’ என்று கூப்பிடுகிறோம். நெஞ்சு கரித்தால் அல்சர், புளித்த ஏப்பம் வந்தால் அல்சர், பசி பொறுக்காவிட்டால் அல்சர். எட்டுச் சொற்கள் வைத்திருந்த மொழி ஒற்றை ஆங்கிலச் சொல்லில் வந்து ஒடுங்கியிருக்கிறது. இதைப் பற்றி மொழிப்பற்றாளர் எவரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

புண்ணின் கதை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை 1982இல் வளர்த்தெடுத்தார்கள். நம்பாதவர்களை நம்ப வைக்க மார்ஷல் 1984இல் அந்தப் பாக்டீரியாக் கரைசலைத் தாமே குடித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பாக்டீரியா இந்தியா முழுதும் பரவிக் கிடக்க, புண் மட்டும் ஏன் சில பகுதிகளில் மிகுதி என்ற டோவேயின் கேள்வி இன்னும் சுவையானது. ஆயினும் பாக்டீரியாவை ஒழித்தால் பெரும்பாலான புண்கள் திரும்புவதில்லை. சோமர்வெல் கத்தி எடுத்த இடத்தில் இன்று இரண்டு வார மருந்து போதும்.

எதுக்களிப்பு வேறு கதை. உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, பின் மூடிக்கொள்ளும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உட்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அப்படி இல்லை. ஏறியதை மறுபடி இறக்குபவை மூன்று: புவியீர்ப்பு, விழுங்குதல், உமிழ்நீர். படுத்தால் முதலாவது போயிற்று. உறங்கினால் மற்ற இரண்டும் மிகவும் குறைந்துவிடும். இரைப்பை தானாகச் சுரக்கும் அமிலமோ ஏறத்தாழ இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை உச்சத்தில் இருக்கும். ஆக, இந்த நோயில் என்ன உண்டோம் என்பதைப் போலவே எப்போது உண்டோம், உண்டபின் எவ்வளவு நேரத்தில் படுத்தோம் என்பதும் முதன்மையான கேள்வி.

எத்தனை பேருக்கு இந்நோய்? இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் பணிக்குழு, நாட்டின் பல மையங்களில் 3224 பேரிடம் கேட்டு 2011இல் வெளியிட்ட அறிக்கையில், வாரம் ஒரு முறையேனும் நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உடையவர்கள் 7.6 விழுக்காடு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் மக்களிடையே சென்று 6174 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில் 8.2 விழுக்காடு. அதைப் பிரித்துப் பார்த்தால் நகரத்தில் 11.1, கிராமத்தில் 5.1. கிராமத்தில் பாதிக்கும் குறைவு என்று நண்பர் மகிழலாம். ஆனால் வேலூர்க் கிராமத்தானுக்கும் வேலூர் நகரத்தானுக்கும் பாட்டன் ஒருவனே. மாறியது குருதியும் பண்பாடும் அன்று, வாழும் முறையும் வேலையின் கடிகாரமும் உடலின் எடையும். அந்தக் கடிகாரம் கிராமத்துக்குள்ளேயே வந்துவிட்டால் என்னாகும் என்பதைப் பார்க்க எங்கள் ஊருக்கு வரலாம்.

வேடசந்தூர் மானாவாரி மண். குடகனாறு ஓடும் ஆண்டுகளைவிட வறண்டு கிடக்கும் ஆண்டுகளே அதிகம். 1948இல், அதாவது சோமர்வெல்லின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், மத்தியப் புகையிலை ஆராய்ச்சிக் கழகம் இங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கியது. மெல்லும் புகையிலைக்கும் சுருட்டுப் புகையிலைக்குமான நிலையம். பிற்பாடு, விவசாயம் கைவிட்ட இடத்தில் நூற்பாலைகள் முளைத்தன. இன்று நெடுஞ்சாலையின் இருபுறமும், உள்சாலைகளிலும், விடிகாலையிலும் நள்ளிரவிலும் ஆலை வேன்கள் பெண்களை ஏற்றி இறக்குகின்றன.

அந்த வேன்களில் ஒன்றில் என் அத்தை பத்தொன்பது ஆண்டுகள் போய்வந்தாள். ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை முடிக்கும் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு. அரை நைட்டு முடிந்து வீடு சேர இரவு ஒன்றரை ஆகும். பசியோடு உண்டு அடுத்த நிமிடம் படுப்பாள். ஆறு மணிக்குக் குடிதண்ணீர் வரும், எழுந்தாக வேண்டும். முழு நைட்டில் தூக்கத்தை விரட்ட வெற்றிலையோடு ஒரு கிள்ளு புகையிலை. நிகோடின் அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தும் என்பதை அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. நெஞ்சு கரித்தபோது மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ கேட்டு வாங்கினாள். சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துதான், கடைக்காரர் புளிப்பு மிட்டாய் எடுத்துத் தருவதுபோல் அட்டையிலிருந்து வெட்டித் தந்தார். பதினோரு ஆண்டுகள்.

இங்கே மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1976இல் சிமெடிடின், பின் ரானிடிடின், 1988இல் ஒமெப்ரசோல் என்று வந்த அமிலக் குறைப்பு மருந்துகள் எத்தனையோ பேரை அறுவை மேசையிலிருந்து காத்தவை. அவற்றைப் பழிப்பது நன்றிகேடு. ஆனால் ரானிடிடினைப் புற்றுநோய் ஊக்கி மாசு கலந்தது பற்றிய அச்சத்தால் அமெரிக்கா 2020இல் சந்தையிலிருந்து நீக்கச் சொன்னது, இந்தியா 2022இல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒமெப்ரசோல் வகையைப் பற்றி 2009இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத நலமான தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்தியபின் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லை தோன்றியது. வெற்று மாத்திரை தின்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தடுத்து வைத்த சுரப்பு, தடை நீங்கியதும் மிகையாகப் பொங்குகிறது. அதாவது, நிறுத்திப் பார்த்து ‘ஐயோ, எரிகிறதே’ என்று மறுபடி கடைக்கு ஓடுபவர்களில் ஒரு பகுதியினரை ஓடவைப்பது மருந்தேதான். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டியதை நாம் வாழ்நாள் சந்தாவாக மாற்றிக்கொண்டோம்.

மாத்திரை அத்தையின் எரிச்சலை மறைத்தது. மீதியை நான் மறைத்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு நான் உபதேசம் செய்தேன். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை எடுத்து, முன் உண்டது செரித்ததை அறிந்து பசித்தபின் உண்ண வேண்டும் என்று விளக்கினேன். காரத்தை விடு, புளியை விடு, கம்மங்கூழ் குடி என்றேன். கூட்டத்தில் நண்பர் பேசியது ஏறத்தாழ என் பேச்சுதான். அத்தை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஆண்டு மெலிந்திருந்தாள். கூழ் மட்டும்தான் குடிக்கிறேன் என்றாள். பார்த்தாயா, உடம்பு எப்படி இறங்கியிருக்கிறது என்று பாராட்டினேன். சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்ததால்தான் அவள் கூழுக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

தண்ணீரே சிக்கத் தொடங்கியபின் எண்டோஸ்கோபிக்காக வெளியூருக்கு அழைத்துப் போனோம். புற்று இல்லை. பல்லாண்டு அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி தழும்பேறிச் சுருங்கியிருந்தது. மூன்று முறை விரித்துவிட்டார்கள். இப்போது சோறு இறங்குகிறது. புகையிலையையும் ஆலையையும் விட்டுவிட்டாள்.

அந்த மருத்துவர் கேட்டவற்றை நான் மறக்க முடியாது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை அவர் மூன்றாவதாகத்தான் கேட்டார். “எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல படுப்பீங்க?” என்பவையே முதல் இரண்டு. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அது வேன் வர்ற நேரத்தைப் பொறுத்துங்க சார்.”

என் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வள்ளுவர் பேசுவது தன் பசியறிந்து தான் உண்ணும் நேரத்தைத் தானே முடிவு செய்யக்கூடிய ஒருவனிடம். அறம் சொல்வதற்கு முன் அந்த உரிமை எதிரில் இருப்பவருக்கு உண்டா என்று பார்ப்பது நம் கடமை. நெய்யூர் உழவனுக்கு எதை உண்பது என்பது கையில் இல்லை. வேடசந்தூர்த் தொழிலாளிக்கு எப்போது உண்பது என்பது கையில் இல்லை. நூறாண்டு ஆராய்ச்சியில் நான் காண்பது இதைத்தான். வயிற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கடைசியில் வயிற்றுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். சோமர்வெல்லின் மேசையிலிருந்து மக்காரிசனின் எலிக்கூண்டுக்கும், அங்கிருந்து மல்ஹோத்ராவின் இரயில்வே குடியிருப்புக்கும், வேலூர்க்காரர்களின் வீடு வீடான கணக்கெடுப்புக்கும் வந்து சேர்ந்த பாதை அது. நம் மேடைகளோ எதிர்த் திசையில் நடக்கின்றன. எல்லாவற்றையும் நோயாளியின் நாக்கில் கொண்டுபோய் முடிக்கின்றன.

ஒரு மறுப்பு வரும் என்று அறிவேன். எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் குறை சொன்னால் தனிமனிதன் செய்ய ஒன்றுமில்லையா? உண்டு. எடையைக் குறைப்பது, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் வயிற்றைக் காலியாக விடுவது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, புகையிலையை விடுவது, எல்லாம் பயன் தருபவை. விழுங்கச் சிரமம், காரணமற்ற மெலிவு, கருமையான மலம், இரத்த வாந்தி இவற்றில் ஏதாவது தோன்றினால் கடைக்காரரையும் என்னைப் போன்ற மருமகன்களையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் ‘வாய்வு’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக்கூடாது, அது இதயமாக இருக்கலாம். இவற்றைச் சொல்வது அறிவுரை. இவற்றைச் செய்ய முடியாதவரைக் கைகாட்டிச் சிரிப்பது வேறு.

செய்யக் கூடியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி நேர ஓய்வு தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த அரைமணியில் உட்கார்ந்து சூடாக உண்ண ஓர் இடம், ஷிப்டு முடிவில் பட்டினியோடு வேன் ஏறாத ஏற்பாடு, வாரத்துக்கு வாரம் உறக்கத்தைக் கலைத்துப் போடாத பணி முறை, தாலுகா மருத்துவமனையிலேயே எண்டோஸ்கோபி. இவை பெரிய புரட்சிகள் ஒன்றும் இல்லை. புகையிலைக்கு நிலையம் அமைக்க முடிந்த ஊரில் அதை மென்றவர்களின் உணவுக்குழாயைப் பார்க்க ஒரு குழாய் வாங்க முடியாதா?

நண்பரிடம் எனக்குப் பகை இல்லை. அடுத்த கூட்டத்திலும் அவர் கம்மங்கூழைப் புகழட்டும், நானும் ஒரு குவளை வாங்கிக் குடிக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து இரவு ஊர் திரும்பும்போது எரியோடு பிரிவிலோ வேடசந்தூர் ஆத்துமேட்டிலோ பத்து நிமிடம் நிற்கட்டும். அரை நைட்டு முடிந்து வேனிலிருந்து இறங்கும் பெண்களில் யாரையாவது, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்கட்டும். நாக்குக்கு யார் அடிமை, நேரத்துக்கு யார் அடிமை என்று அதற்குப் பிறகு பேசலாம்.